பழமேட்டுப் பாசி

என் மதினி எர்னஸ்டினிடம் யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், “இருக்கேன், வேற என்ன செய்ய” என்பாள். கல்யாணத்தன்று பாதிரியாரிடமும் இதையேதான் சொன்னாள் என்று என் அண்ணன் உயிரோடு இருந்தவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பதிலுக்கு யாரும் சிரிப்பதில்லை.

எங்கள் ஊரில் அலுப்பு ஜலதோஷம் மாதிரி, ஒருத்தருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் தார்மணலைத் தோண்டி எண்ணெய் எடுக்கிற ஆலை. நான் பிறந்தபோது அது தொலைவில் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். இப்போது கொல்லைக் கதவைத் திறந்தால் அதன் புகைதான் முதலில் வந்து விசாரிக்கிறது. காற்று திரும்பும் நாளில் பூனை மூத்திர நாற்றம். ஜன்னல் விளிம்பில் விரலை வைத்தால் கறுப்பு. அந்த ஆலையைத் திட்டாத வாய் ஊரில் இல்லை, அதில் வேலை பார்க்காத வீடும் இல்லை. அண்ணன், ஒரு வீட்டு உயரத்துக்கு இருக்கும் மண் லாரி ஓட்டினான். நான் வெல்டர். மதினி தொழிலாளர் முகாமின் சமையலறையில் பாத்திரம் துலக்கினாள், பிறகு முட்டை பொரித்தாள், பிறகு முட்டை பொரிக்கிறவர்களை மேய்த்தாள். வாய் நிறையத் திட்டிவிட்டு மறுநாள் காலையில் எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் ஏறினோம்.

அண்ணன் லாரியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அடக்கம் முடிந்த பிறகு மதினி முகாம் பக்கமே போகவில்லை. “பஸ்காரன் ஹாரன் அடிக்கிறப்பல்லாம் அவரை எழுப்பணும்னு கை போவுது, அம்ப்ரோஸு. அந்த வேலை இனி எனக்கு வேணாம்” என்றாள். அம்ப்ரோஸ் நான்தான். அவளுக்குக் கோபம் இல்லாத நாளில் அம்ப்ரோஸு, கோபம் வந்தால் கொழுந்தனாரே.

அந்த வருஷம்தான் ஊர்ச் சபை ஒரு பிடிவாதம் பிடித்தது. ஆலைப் புகையிலிருந்து காட்டில் என்ன படிகிறது என்று அளக்கப் பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். பழமேட்டில் மட்டும் எங்கள் ஊர் ஆள்தான் அளக்க வேண்டும் என்றது சபை. பழமேடு ஆலைக்கு வடக்கே இருக்கிற பைன் மேடு. ஊருக்கு வேண்டிய நீலப்பழமும் செம்பழமும் அங்கேதான் விளைகின்றன. மதினியிடம் கேட்டார்கள். “நடக்கணும், குனியணும், அவ்வளவுதானே. பாத்திரம் துலக்குறதை விட என்ன பெருசு” என்று ஒத்துக்கொண்டாள்.

வேலை இதுதான். பைன் மரத்தடியில் மெத்தை மாதிரி ஒரு பாசி வளர்கிறது. அதற்கு வேர் கிடையாது. மழையும் பனியும் தூசியும் மேலிருந்து எதைக் கொண்டுவந்து போடுகின்றனவோ அதுதான் அதற்குச் சாப்பாடு. ஆகவே இலையுதிர் காலத்தில் அதைக் கொஞ்சம் பிடுங்கி, உறையில் போட்டு எட்மன்டன் நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், காட்டின் தலையில் என்னென்ன கொட்டியிருக்கிறது என்று அங்கே மெஷின் சொல்லிவிடும். அனுப்பும்வரை உறைகள் மதினியின் ஃப்ரீசரில், மூஸ் மான் கறிக்குப் பக்கத்தில் கிடக்கும். ஒருமுறை நான் கறி என்று நினைத்து ஒன்றை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். அன்று நான் கொழுந்தனாரே.

வேலைக்குச் சேரும்போது அவளை ஒரு அறையில் உட்காரவைத்து, காட்டில் பத்திரமாக நடப்பது எப்படி என்று படம் போட்டுக் காட்டினார்கள். வேரில் தடுக்கி விழக்கூடாது, கரடியைக் கண்டால் ஓடக்கூடாது. மதினி கடைசிவரை பார்த்துவிட்டு, “இதுல வர்ற கரடி நல்லா நடிச்சிருக்கு” என்று மட்டும் சொன்னாளாம்.

பிக்கப் வண்டியை ஓட்டுவது நான். அதற்குள் எனக்கும் முழங்கால் போய் வேலையை விட்டிருந்தேன். மேட்டடியிலேயே வண்டியை நிறுத்தச் சொல்வாள்.

“இங்கயே ஊதி முடிச்சிட்டு வா. மேல வந்து பத்த வச்சேன்னா புகை பாசியில ஏறிரும்.”

நான் சிகரெட்டை முடித்து, வாய் கொப்பளித்து, சட்டையை உதறி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவன் மாதிரி அவள் பின்னால் ஏறுவேன். அவள் மரத்தடியில் மண்டியிட்டு, கையுறை போட்ட கையால் பாசியைப் பிடுங்குவாள். ஊசியிலை, குச்சி, எறும்பு எல்லாவற்றையும் பொறுக்கி எறிவாள். உறையில் போட்டு நான் ஒட்டுவேன். பிறகு இடது கையின் உறையைக் கழற்றுவாள். கழுத்தில் தொங்கும் தோல் சுருக்குப்பையிலிருந்து ஒரு சிட்டிகை புகையிலை எடுத்து, பாசி பிடுங்கிய பள்ளத்தில் வைப்பாள். எங்கள் க்ரீ மொழியில் ஏதோ முணுமுணுத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவாள்.

எடுத்த இடத்தில் கொடுத்துவிட்டு வருவது எங்கள் ஆட்களின் வழக்கம். மூஸ் சுட்டாலும், மருந்து வேர் தோண்டினாலும், பழம் பறித்தாலும் அப்படித்தான். என் மாதிரி ஆட்களுக்கு முகாம் சோறு சாப்பிட்டு அது விட்டுப்போயிற்று. மதினிக்கு விடவில்லை. அதைப் பற்றி அவள் பெருமையடித்தும் நான் கேட்டதில்லை.

“எனக்கு மட்டும் தடை. உங்களுக்கு இல்லையா, மதினி?” என்று சீண்டினேன்.

“நீ ஊதுறது உனக்கு. இது அதுக்கு.”

“ரெண்டும் ஒரே கடைச் சரக்குதான்.”

“வாயை ஓட்டாத. உறையை ஒட்டு.”

அதற்கு மேல் நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. யோசிக்கிற காரியமாகவே அது தெரியவில்லை. சாப்பிட்ட பிறகு கை கழுவுகிற மாதிரிதான் அவள் அதைச் செய்தாள்.

எட்மன்டனில் இந்தப் பாசியைச் சோதிப்பவள் டாரியா. எங்கள் எல்லோருக்கும் இளையவள், எங்கள் எல்லோரையும் விடக் களைத்த முகம். ஒவ்வொரு குளிர்காலமும் வந்து சமூகக் கூடத்தில் எண்களைச் சொல்வாள். நிக்கல், வனேடியம் என்ற இரண்டு உலோகங்களும் ஆலைப் புகையின் அடையாளங்கள். அவை பழமேட்டில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. மெல்ல ஏறும் எண்ணைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை, நாங்களே கொட்டாவி விட்டோம். அப்புறம் காட்மியம் என்று இன்னொரு உலோகம் ஏறத் தொடங்கியது. அது மெல்ல ஏறவில்லை. வேறு எந்த இடத்துப் பாசியிலும் இல்லாத அளவுக்குப் பழமேட்டில் மட்டும் தாவித் தாவி ஏறியது.

ஊருக்கு அது ஒரு கெட்ட சந்தோஷம். ஆலைக்காரர்கள் புதிய குழியைப் பழமேடுவரை கொண்டுவர அனுமதி கேட்டிருந்தார்கள். மேடு போனால் எங்களுக்குப் பழம் போச்சு, இலையுதிர் காலத்தில் குடும்பம் குடும்பமாகப் போய் உட்கார ஒரு இடமும் போச்சு. எங்கள் பேச்சைக் கேட்க ஆள் இல்லாத நேரத்தில் இந்த எண் வந்தது. சபையில் இதையெல்லாம் கவனித்துக்கொள்கிற ஹெக்டர், போகிற இடமெல்லாம் காட்மியம் காட்மியம் என்றே பேசினார். “அந்த ஒரு எண்ணுதான் நமக்கு வேலி. அதைத் தாண்டிக் குழி தோண்ட எவன் கையெழுத்துப் போடுறான்னு பாத்துரலாம்” என்றார். அனுமதி கொடுப்பதா என்று நவம்பரில் விசாரணை வைத்திருந்தார்கள்.

அந்தச் செப்டம்பரில் டாரியா தானே எங்களோடு மேட்டுக்கு வந்தாள். காட்மியம் ஏன் தனியாக ஏறுகிறது, அதோடு சேர்ந்து ஏற வேண்டியவை ஏன் ஏறவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. நான் வழக்கம்போலக் கீழே ஊதி முடித்து, வாய் கொப்பளித்துவிட்டு ஏறினேன். முதல் மரத்தில் மதினி பாசி எடுத்தாள், கையுறையைக் கழற்றினாள், சுருக்குப்பையைத் திறந்தாள். டாரியா பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் ஏதோ இறங்கியது. ஆனால் கடைசி மரம்வரை உறைகளை எண்ணி எழுதிக்கொண்டே வந்தாள்.

கீழே வந்து, பிக்கப்பின் பின்கதவை இறக்கி அதில் உட்கார்ந்தோம். ஃப்ளாஸ்க்கில் டீ, மதினி சுட்ட ரொட்டி, ஜாம்.

“எர்னஸ்டின், அந்தப் புகையிலை எப்பவுமே வைப்பீங்களா?” என்றாள் டாரியா.

“எடுத்தா வைப்பேன்.”

“எல்லா மரத்துக்கும்?”

“எல்லா மரத்துலயும் எடுக்குறேன்ல.”

டாரியா டீயை ஊதிக்கொண்டே இருந்தாள். ஆறிப்போன டீயை யாரும் அவ்வளவு நேரம் ஊதமாட்டார்கள். “புகையிலைச் செடி மண்ணுல இருக்கிற காட்மியத்தை இழுத்து இலையில சேத்து வச்சுக்கும். மத்த செடிய விட ரொம்ப அதிகமா. வருஷா வருஷம் அதே மரத்தடியில வைக்கிறீங்க. மழை பேஞ்சு ஊறிப் பக்கத்துப் பாசியில ஏறும். நான் இதை ஆரம்பத்துலயே வந்து பாத்திருக்கணும். நீங்க நல்லா செய்யறீங்கன்னு தெரியும், அதனால வரலை.”

மதினி வாயில் இருந்த ரொட்டியை மெல்லாமல் வைத்திருந்தாள். பிறகு விழுங்கினாள். “அப்ப அது நான் போட்டதா?”

“பெரும்பாலும்.”

“விஷத்தையா குடுத்துட்டு இருந்தேன்?”

“விஷம்னு சொல்லாதீங்க. அது ரொம்பக் கொஞ்சம். பழத்துக்கும் ஒண்ணும் ஆகாது, பாசிக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா எங்க மெஷினுக்கு அந்தக் கொஞ்சம் போதும்.” அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “நான் சோதிச்சுப் பாத்துட்டு எழுதித்தான் ஆகணும். மறைக்க முடியாது. ஆனா சோதனை முடிய வசந்தம் ஆயிரும். விசாரணை நவம்பர்ல.”

அவள் எங்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டாள் என்று எனக்குப் பட்டது. திறந்தவளுக்கே அது பிடிக்கவில்லை என்பதும் தெரிந்தது.

டாரியாவை விடுதியில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் நான் ஆரம்பித்தேன். “மதினி, நவம்பர் வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. அவ்வளவுதான். யாரும் பொய் சொல்லச் சொல்லலை.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் ராத்திரி பகலாக் கொட்டுறான். நீங்க ஒரு சிட்டிகை வச்சீங்க. அந்தச் சிட்டிகையால மேடு தப்பிச்சா தப்பிக்கட்டுமே. அண்ணன் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான்.”

“உங்கண்ணன் இருந்தா லாரியை நிறுத்திட்டு எனக்கு டீ வாங்கிக் குடுத்திருப்பாரு. இப்படி நொய்நொய்னு பேசியிருக்க மாட்டாரு.”

“நான் பேசுறது தப்பா?”

“தப்புன்னு சொல்லலை. எனக்கு அலுப்பா இருக்கு, அம்ப்ரோஸு.” கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள். “நான் நன்றி சொல்லி வச்சதைக் கொண்டுபோயி அவன் மேல பழியாப் போட்டா, அப்புறம் அந்த மேட்டுல நான் எந்த முகத்தோட மண்டியிடுவேன்?”

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு காலம் எங்களிடம் எதையும் விட்டுவைக்காதவர்கள், மிச்சம் இருந்த ஒரு சுத்தத்தையும் எங்களுக்கே எதிரியாக ஆக்கிவிட்டார்களே என்ற கோபம். வண்டியைத் தேவைக்கு மேல் வேகமாக ஓட்டினேன். மதினி என்னைக் கண்டிக்கவில்லை, பெல்ட்டை மட்டும் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

விசாரணையன்று கூடம் நிறைந்திருந்தது. அரசாங்கத்திலிருந்து தலைமை தாங்க ஒரு அம்மாள் வந்திருந்தாள். ஆலை சார்பில் புத்தம்புதிய கம்பளிச் சட்டையில் ஒரு நிபுணர். ஹெக்டர் எழுந்து காட்மியத்தைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். கை தட்டினார்கள். அவர் உட்காருவதற்குள் மதினி எழுந்துவிட்டாள்.

“அந்தக் காட்மியம் என்னோடது” என்றாள். “பாசி எடுத்தா நான் புகையிலை வைப்பேன். அதுலேர்ந்து வந்திருக்கு. அதை ஆலை மேல போட வேணாம். மத்ததெல்லாம் அவங்களோடது.”

டாரியா எழுந்து, ஆமாம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விளக்கினாள். பிறகு நிபுணர் மைக்கை வாங்கினார். நல்ல மரியாதையான ஆள். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

“உங்க நேர்மைக்கு ரொம்ப நன்றிம்மா. உங்க வழக்கத்தை நாங்க ரொம்ப மதிக்கிறோம். அதனால, பழமேட்டு எண்கள் எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிரலாம்னு கேட்டுக்கறோம். நிக்கல், வனேடியத்தையும் சேத்து. ஒரு இடத்துல வெளிப்பொருள் கலந்தாச்சுன்னா மத்ததையும் நம்ப முடியாதில்லையா.”

“என் சுருக்குப்பையில அவ்வளவு நிக்கல் இருந்திருந்தா நான் ஏன் பாத்திரம் துலக்கிப் பொழைக்கிறேன்? சுரங்கமே வச்சிருப்பேனே” என்றாள் மதினி.

ஊர் சிரித்தது. நிபுணரும் சிரித்தார். ஆனால் சிரிப்பை வைத்து யாரும் எதையும் தீர்மானிப்பதில்லை. டாரியா வெகுநேரம் வாதாடினாள். கடைசியில் தலைமை அம்மாள் சொன்னது இது: பழைய எண்கள் அத்தனையும் தள்ளுபடி. அதே மேட்டில் இதுவரை யாரும் கை வைக்காத மரங்களிலிருந்து அடுத்த இலையுதிர் காலத்தில் பாசி எடுக்க வேண்டும். அந்தப் பாசி பதில் சொல்லும்வரை மேட்டுக்கான அனுமதி நிற்கும். அதிலும் வெளிப்பொருள் ஏதாவது கலந்திருந்தால், இன்னொரு வாய்ப்பு கிடையாது.

வெளியே பனியில் ஹெக்டர் எங்களைப் பிடித்துக்கொண்டார். “ஒரே ஒரு தடவை வாயை மூடிட்டு இருந்திருக்கலாம், எர்னஸ்டின்.”

“அவங்க உண்மையைச் சொல்லலைன்னுதான நாம சண்டை போடுறோம்.”

“சண்டை போடுறது ஜெயிக்க. பாவமன்னிப்பு கேட்கணும்னா சர்ச்சுக்குப் போயிருக்கலாம்.”

அந்தக் குளிர்காலம் நீளமாக இருந்தது. பிங்கோ ஆடும் கூடத்தில் மதினியின் இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலியாகக் கிடந்தன. நான் போய் ஒன்றில் உட்கார்ந்தேன், எனக்கு பிங்கோ பிடிக்காது. கடையில் பேச்சு அவளைக் கண்டதும் நின்று, அவள் போனதும் தொடர்ந்தது. அவள் யாரிடமும் தன் பக்கத்தைச் சொல்லப் போகவில்லை. வீட்டில் அதிகம் தூங்கினாள். எப்படி இருக்கீங்க என்று கேட்டால் முழுப் பதில்கூட வருவதில்லை, “இருக்கேன்” என்பதோடு நின்றுவிடும்.

டாரியா அடிக்கடி ஃபோன் செய்வாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மதினி உருளைக்கிழங்கு தோலுரிப்பாள்.

“புகையிலையை மேட்டடியிலயே, வண்டி நிக்கிற இடத்துல வச்சா போதாதா?”

“எடுக்குறது மேல, குடுக்குறது ரோட்டுலயா? உன் சம்பளத்தைப் பக்கத்து ஆபீஸ்ல குடுத்தா ஒத்துக்குவியா?”

“வேற ஏதாவது வைக்க முடியுமா? காட்மியம் இல்லாதது?”

நான் நடுவில் புகுந்து, “சர்க்கரை வைக்கலாமே” என்றேன்.

மதினி கத்தியை மேஜையில் வைத்தாள். “கொழுந்தனாரே. உங்களுக்கு வசதியானதைக் குடுத்துட்டு வர்றதுக்குப் பேரு குடுக்குறது இல்ல.” பிறகு ஃபோனைப் பார்த்து, டாரியாவிடம் மெதுவாகவே சொன்னாள். “உன் மேல கோபம் இல்ல. உனக்குச் சுத்தமான பாசி வேணும். ஊருக்கு மேடு வேணும். எனக்குப் புரியுது. யோசிக்க விடு.”

அவள் யோசித்து முடித்ததை ஆகஸ்ட்டில் சொன்னாள். நான் வண்டிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

“இந்தத் தடவை பாசிய நீ எடு.”

“நானா?”

“நான் குடுக்காம எடுக்க மாட்டேன். குடுத்தா மேடு போயிரும். அதனால நான் எடுக்கலை. நீ எடு.”

“எனக்கு மட்டும் அது பாவம் இல்லையா?”

“நீ வாழ்க்கை பூராவும் குடுக்காமதான் எடுத்திருக்க. உனக்கு வலிக்காது” என்றாள்.

கொழுந்தனைச் சீண்ட மதினிக்கு உரிமை உண்டு. சிரித்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவளும் சிரிக்கவில்லை. எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சரி என்றேன்.

செப்டம்பரில் டாரியா வந்து மரங்களில் ரிப்பன் கட்டிவிட்டு விலகி நின்றாள். ஆலைக்காரர்களின் ஆள் ஒருவனும் கையில் கேமராவோடு வந்திருந்தான். எவனும் எதையும் வைக்கவில்லை என்பதைப் படம் பிடிக்கிறானாம். மதினி மேலே ஏறவில்லை. பிக்கப்பிலேயே, ஜன்னலை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அன்று நான் காலையிலிருந்தே சிகரெட் தொடவில்லை. புதுச்சட்டை போட்டிருந்தேன். என் பைகளையெல்லாம் வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன்.

கையுறையை மாட்டிக்கொண்டு முதல் மரத்தடியில் மண்டியிட்டேன். முழங்கால் கத்தியது. பாசி குளிர்ந்திருந்தது, பிடுங்கினால் சத்தமே இல்லாமல் வந்தது. குச்சியைப் பொறுக்கினேன், உறையில் போட்டேன், டாரியா ஒட்டினாள். இரண்டாவது மரம். சுற்றிலும் செம்பழம் சிவந்து கிடந்தது, யாரும் பறிக்கவில்லை. ஆலைப்பக்கத்திலிருந்து மண் லாரிகளின் உறுமல் கேட்டது. அண்ணன் ஓட்டிய லாரியை இப்போது யார் ஓட்டுகிறார்களோ என்று நினைத்தேன். அடுத்த மரத்தில் பாசியைப் பிடுங்கினேன். பாசி இருந்த இடத்தில் ஈரமண்ணோடு ஒரு பள்ளம் தெரிந்தது. அங்கிருந்து என் கை நகரவில்லை.

நான் ஒன்றும் பெரிய நம்பிக்கைக்காரன் இல்லை. முப்பது வருஷம் அந்த ஆலையில் குழாய் ஒட்டியிருக்கிறேன். தார் வருவதற்காகக் காட்டை வழித்துப்போட்ட மண்ணின் மேல் நின்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருக்கிறேன், அப்போதெல்லாம் என் கை நின்றதில்லை. இந்தப் பிடி பாசிக்கு நின்றது. கேமராக்காரன் என்ன ஆயிற்று என்று டாரியாவைக் கேட்டான். முழங்கால் வலி என்று அவள் சொன்னாள்.

நான் குனிந்தபடியே க்ரீயில் சொன்னேன். சின்ன வயதுக்குப் பிறகு காட்டிடம் நான் பேசியதில்லை, வார்த்தைகள் தட்டுத்தடுமாறித்தான் வந்தன. “அம்ப்ரோஸ் வந்திருக்கேன். எர்னஸ்டின் கீழ இருக்கா, அவளைத் தப்பா நினைக்காத. கையில ஒண்ணும் கொண்டாரலை. கொண்டாரக் கூடாதுன்னுட்டாங்க. எடுத்துட்டுப் போறேன்.”

பிறகு மிச்ச மரங்களையும் முடித்தேன். ஒவ்வொன்றிலும் அதையே சொன்னேன்.

கீழே வந்ததும் மதினி ஜன்னலை இறக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். சீண்டுவாள் என்று நினைத்தேன். ஃப்ளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். “நான் அன்னைக்குச் சொன்னது அதிகம்தான்” என்றாள். டீ சூடாக இருந்தது, இரண்டு பேரும் ஒரே கோப்பையில் குடித்தோம்.

முடிவு ஜனவரியில் வந்தது. காட்மியம் மற்ற இடங்களில் இருக்கிற அளவுதான். நிக்கலும் வனேடியமும் மதினி எடுத்த பாசியில் ஏறிக்கொண்டிருந்த அதே கணக்கில், இன்னும் ஒரு படி மேலே. இந்த முறை நிபுணருக்கு ஒதுக்கி வைக்க எதுவும் கிடைக்கவில்லை. குழி மேட்டடி ஓடைக்கு அந்தப் பக்கமே நிற்க வேண்டும், மேட்டில் எண் இனியும் ஏறுகிறதா என்று வருஷா வருஷம் பார்த்துத்தான் மேற்கொண்டு பேச்சு என்று தீர்ப்பு. ஹெக்டர் ஒரு மூஸ் தொடையோடு மதினி வீட்டுக்கு வந்தார். மன்னிப்பு என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கறி நன்றாக இருந்தது. பிங்கோ கூடத்தில் நாற்காலிகள் நிறைந்தன, நான் போவதை நிறுத்திக்கொண்டேன்.

ஊரே சந்தோஷமாக இருந்த அந்த வாரத்தில்தான் அவளிடம் கேட்டேன். “வருஷா வருஷம்னா எதுவரைக்கும், மதினி?”

“அவங்க தோண்டுறவரைக்கும்.”

“யாரு எடுக்குறது?”

“நீதான்.” பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “நீ முடியாதப்ப இன்னொருத்தன். யாராவது ஒருத்தன் வெறுங்கையோட போய்த்தான் ஆகணும். இல்லாட்டி மேடு இருக்காது.”

இப்போது ஊர்க்காரர்கள் பழம் பறிக்கப் போகிறார்கள். மதினியும் போகிறாள், பறித்த செடியடியில் தன் சிட்டிகையை வைக்கிறாள். ரிப்பன் கட்டிய மரங்களின் பக்கம் மட்டும் அவள் திரும்புவதில்லை. அங்கே நான் போகிறேன். இந்த வருஷமும் போனேன். கடைசி உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டு, மதினி மாதிரியே இடது கையுறையைக் கழற்றினேன். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.